சின்ன டிராக்டருக்குக் கூடுதல் ஹைட்ராலிக்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

25 ஹெச்பி டிராக்டர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே, அதன் பின்னால் ரோட்டவேட்டரைத் தவிர வேறு எதையாவது மாட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். திருப்போரூர்ப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் மரம் பிளக்கும் கருவி கேட்கிறார். ஊத்துக்கோட்டையில் மாந்தோப்புக்காரருக்கு வேலிக்கல் நடக் குழி துளைக்கும் ஆகர் வேண்டும். ஈசிஆரில் பண்ணை வீட்டைப் பராமரிப்பவருக்கு மணல் அள்ள லோடர். மாட்டி ஓட்டிய பிறகு எல்லோரும் பட்டறைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "ஜாக்கி ஆமை மாதிரி நகருது சார், இன்னொரு பம்ப் போட்டுடலாமா?"

போடலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். இரண்டாவது பம்ப் போடுவதால் இன்ஜினுக்குப் புதிதாக ஒரு ஹெச்பிகூட வந்துவிடாது. இருக்கிற சக்தியை ஆயில் வழியாக எடுக்கிறோம், அவ்வளவுதான். எடுக்கும் வழியில் கொஞ்சம் சூடாகி வீணாகவும் போகும். அதனால் பம்ப்பைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையின் சுலபமான பகுதி. ஆயிலுக்கு இருக்க இடம், போக வழி, ஆற நேரம் ஆகிய மூன்றையும் தருவதுதான் கஷ்டமான பகுதி. பணம் போக வேண்டியதும் அங்கேதான்.

எது குறைகிறது என்று பாருங்கள்

ஹைட்ராலிக்கில் அழுத்தம் விசையைத் தருகிறது, ஓட்டம் வேகத்தைத் தருகிறது. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் கலந்துகொள்வதால்தான் தேவையில்லாத சாமான்களை வாங்குகிறார்கள்.

மரம் பிளக்கும் கருவியையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், ராட் 50 மில்லிமீட்டர், நீளும் தூரம் 600 மில்லிமீட்டர். 175 பார் அழுத்தத்தில் இது சுமார் 14 டன் விசையோடு தள்ளும். முழுதாக நீள 4.7 லிட்டர் ஆயில் தேவை. டிராக்டரின் சொந்த பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் கொடுத்தால் நீள 14 விநாடி, திரும்ப உள்ளே வர 10, 11 விநாடி. அதே சிலிண்டருக்கு 38 லிட்டர் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து 13 விநாடிதான். 14 டன் என்பது 14 டன்னாகவே இருக்கும். பம்ப்பைப் பெரிதாக்கியதால் ஒரு கிலோகூட அதிகமாகத் தள்ளாது.

ஆக, கட்டை பிளக்காமல் சிலிண்டர் நின்றே போகிறது என்றால் குறைவது அழுத்தம், அல்லது சிலிண்டர் சிறியது. அதற்குக் கூடுதல் பம்ப் மருந்தல்ல. இந்த இடத்தில் சில மெக்கானிக்குகள் ரிலீஃப் வால்வு (அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்க்ரூவை இரண்டு சுற்று திருகிவிட்டு "இப்போ பாருங்க சார்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அந்த அழுத்தம் டிராக்டரின் பம்ப், லிஃப்ட் ஹவுசிங், சீல் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக் கம்பெனி முடிவு செய்தது.

இன்னொரு வகைப் புகாரும் உண்டு. வேகம் போதும், விசையும் போதும், ஆனால் குழாய் மாட்ட வாய் ஒன்றுதான் இருக்கிறது. அதற்குக் கூடுதலாக லிவரால் ஆயிலைத் திருப்பும் ஒரு ஸ்பூல் வால்வோ, அதையே 12 வோல்ட் சோலனாய்டில் சுவிட்சால் செய்யும் டைவர்ட்டர் வால்வோ போதும். கூடுதல் பம்ப் வைக்கும் செலவைவிட இது குறைவு. இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுப் போய் அதைச் செய்யுங்கள்.

வேகம்தான் பிரச்சினை, அல்லது ஆகர், புல்வெட்டி போல ஹைட்ராலிக் மோட்டார் ஓடும் கருவி என்றால் மட்டும் கூடுதல் பம்ப் உங்களுக்கானது. அதிலும் வருடத்தில் நாலு நாள் வேலைக்காக என்றால் யோசியுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். வேலிக்குழி முழுவதையும் வாடகை வண்டியில் ஒரே வாரத்தில் முடிப்பது பல நேரம் புத்திசாலித்தனம்.

டிராக்டரின் எண்களைச் சேகரியுங்கள்

விற்பனைக் கையேட்டில் "லிஃப்ட் 750 கிலோ" என்று இருக்கும். அது நமக்கு உதவாது. வேண்டியவை மூன்று எண்கள்: பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ரிலீஃப் வால்வு எத்தனை பாரில் திறக்கிறது, பிடிஓவில் (கருவிகளை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுற்றும் தண்டு) உண்மையில் எத்தனை ஹெச்பி வருகிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பிடிஓ சக்தி, பம்ப் ஓட்டம், ரிலீஃப் அழுத்தம் எல்லாம் அதில் அளந்து போட்டிருக்கும். டீலரிடம் "புத்னி ரிப்போர்ட்" என்று கேளுங்கள். கம்பெனி விளம்பரத்தைவிட அதை நம்பலாம்.

அறிக்கை கிடைக்கவில்லையென்றால் நீங்களே அளக்கலாம். அளவு தெரிந்த ஒரு சிலிண்டரைப் பின் வாயில் மாட்டி, இன்ஜினை பிடிஓ வேகத்தில் வைத்து, சுமை இல்லாமல் நீள எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பாருங்கள். மேலே சொன்ன சிலிண்டர் 14 விநாடி எடுத்தால் 20 லிட்டர். ஆயில் சூடான பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். அழுத்தத்துக்கு 250 பார் கிளிசரின் கேஜ் ஒன்றை க்விக் கப்ளிங்கோடு (கையாலேயே சட்டென மாட்டிக் கழற்றும் இணைப்பு) சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலும் பத்து இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

எந்த வழியில் எடுப்பது

மூன்று வழி உண்டு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பவர் பேக் டிப்பிங் டிரெய்லரைத் தூக்க மட்டும் சரி. 150 ஆம்பியர் இழுத்தாலும் அது 1.8 கிலோவாட்தான். சின்ன டிராக்டரின் ஆல்டர்னேட்டரால் அதைத் தொடர்ந்து ஈடுகட்ட முடியாது. ஒரு தடவை தூக்கினோம், இறக்கினோம் என்ற வேலைக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது வழி இன்ஜின் முன்பக்க கிராங்க் புல்லியில் இருந்து பெல்ட் போட்டு, காந்த கிளட்ச் வைத்து பம்ப்பை ஓட்டுவது. பின் பிடிஓ வேறு கருவிக்குத் தேவைப்படும்போது இதுதான் வழி. ஆனால் பிராக்கெட்டை லேத்தில் தனியாகச் செய்ய வேண்டும், ரேடியேட்டர் முன்னால் இடம் இருக்காது, புல்லி நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட் தின்னும். முதல் முயற்சிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, பிடிஓ பம்ப். பின் தண்டில் ஒரு வேகம் கூட்டும் கியர்பாக்ஸ், அதன் முதுகில் ஒரு கியர் பம்ப். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம், டிராக்டரின் சொந்த ஆயிலைத் தொடுவதே இல்லை. இந்தக் கடைசி விஷயம் பெரியது. சின்ன டிராக்டர்களில் கியர், லிஃப்ட், பிரேக் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆயிலில் நனைகின்றன. இரவல் வாங்கிய கருவியின் சிலிண்டரில் இருந்து மணலும் தண்ணீரும் வந்து அதில் கலந்தால் கியர்பாக்ஸ் செலவு யார் தலையில்? தனி டேங்க், தனி ஆயில் என்றால் சேதம் பம்ப்போடு நிற்கும். இனி வருவதெல்லாம் இந்த வழிக்கானது.

முன்பக்க லோடர் மட்டும் போதும், அதை டிராக்டர் பம்ப்பிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். சின்ன டிராக்டர்கள் பெரும்பாலும் ஓப்பன் சென்டர் வகை. லிவரைத் தொடாதபோதும் ஆயில் வால்வு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். லோடர் வால்வை நடுவில் நுழைத்து, அதன் டேங்க் வாயில் இருந்து பின் லிஃப்ட்டுக்கு ஆயில் கொடுத்தால் லிஃப்ட் வேலை செய்வது போலத்தான் தெரியும். ஆனால் அந்த டேங்க் வாய் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. என்றாவது ஒருநாள் வால்வு சீல் பிதுங்கும், அல்லது உடலே விரிசல் விடும். பவர் பியாண்ட் வாய் (அடுத்த வால்வுக்கு அழுத்தத்தோடு ஆயில் கொடுக்கும் தனி வாய்) உள்ள வால்வாக வாங்கி, அந்த வாயில் இருந்து லிஃப்ட்டுக்கும், டேங்க் வாயில் இருந்து தனிக் குழாயில் டேங்க்குக்கும் கொடுக்க வேண்டும். மூன்று குழாய் இல்லாத லோடர் வால்வை யாராவது பொருத்திக் கொடுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பம்ப் கணக்கு

பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று. கியர் பம்ப் அந்த வேகத்தில் நேராக ஓடினால் ஓட்டம் குறைவதோடு, உள்ளுக்குள்ளேயே கசிந்து வீணாகும் பங்கும் அதிகமாகும், அதனால்தான் கியர்பாக்ஸ். ஒன்றுக்கு மூன்று கியர்பாக்ஸ் என்றால் பம்ப் 1620 சுற்று ஓடும். ஒரு சுற்றுக்கு 25 சிசி தரும் பம்ப்பை மாட்டினால் கணக்குப்படி 40.5 லிட்டர், நிஜத்தில் 38 லிட்டர் போல வரும்.

இதற்கு எவ்வளவு ஹெச்பி தேவை? லிட்டரையும் பாரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 38 பெருக்கல் 175, வகுத்தல் 600, சுமார் 11 கிலோவாட். பம்ப்பும் கியர்பாக்ஸும் விழுங்குவதையும் சேர்த்தால் பிடிஓவில் 13 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 18 ஹெச்பி கேட்கும். பிடிஓவில் 22 ஹெச்பி தரும் டிராக்டருக்கு இது சுகமான அளவு. "எதுக்கும் இருக்கட்டும்" என்று 60 லிட்டர் பம்ப் வாங்கினால் அதே அழுத்தத்தில் 28 ஹெச்பி கேட்கும். கட்டையில் கத்தி இறங்கியதும் இன்ஜின் நின்றுவிடும்.

ஆகர் வைத்திருப்பவர்கள் மோட்டாரின் சிசியைப் பாருங்கள். 400 சிசி மோட்டார் 38 லிட்டரில் நிமிடத்துக்கு 90 சுற்றுப் போல ஓடும். பொன்னேரிக் களிமண்ணுக்கு அது போதும். பாறைத் தரையில் இன்னும் மெதுவாக, அதிக முறுக்குவிசையோடு சுற்றும் பெரிய மோட்டார் வேண்டும். பம்ப்பைப் பெரிதாக்கினால் அங்கே பல்லுதான் தேயும்.

பம்ப் வாங்கும்போது மறக்கக்கூடாதது சுழலும் திசை. பின்னால் நின்று பார்த்தால் பிடிஓ கடிகார முள் திசையில் சுற்றும். ஒற்றை ஜோடி கியர் உள்ள பாக்ஸ் அந்தத் திசையை மாற்றிவிடும். தவறான திசையில் கியர் பம்ப்பை ஓட்டினால் முதல் நிமிடத்திலேயே தண்டின் ஆயில் சீல் பறந்துவிடும். கியர்பாக்ஸையும் பம்ப்பையும் ஒரே கடையில் ஜோடியாக வாங்குவது இதற்காகத்தான்.

டேங்க்கும் சூடும்

இங்கேதான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

175 பாரில் 38 லிட்டர் ஆயில் வேலை எதுவும் செய்யாமல் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பினால், அந்த 11 கிலோவாட்டும் சூடாக மாறும். சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பு ஐந்தை முழு வேகத்தில் டேங்க்குக்கு அடியில் வைத்தது போல. 40 லிட்டர் டேங்க்கில் இது நிமிடங்களில் ஆயிலை வேகவைத்துவிடும். ஆயில் 60 டிகிரிக்குள் இருப்பது நல்லது, 80-ஐத் தாண்டினால் நீர்த்துப்போய் சீல்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் நம் கத்திரி வெயில். காற்றே 40 டிகிரி இருக்கும்போது டேங்க் எதில் ஆறும்?

மரம் பிளப்பது போல விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கு, 38 லிட்டர் பம்ப்புக்கு 60 லிட்டர் டேங்க் வையுங்கள். ஆகர், புல்வெட்டி போல மோட்டார் தொடர்ந்து ஓடும் வேலைக்கு 80, 100 லிட்டரும், திரும்பும் குழாயில் 12 வோல்ட் ஃபேன் வைத்த ஆயில் கூலரும் வேண்டும். கூலர் கட்டாயம். "மே மாசம் வேலை செய்ய மாட்டோம்" என்று சொல்பவர்கள்தான் மே மாதம் கிணற்று மேட்டில் நிற்கிறார்கள்.

டேங்க்கை மூன்று பாயிண்ட் லிங்கேஜில் மாட்டும் சட்டத்தின் மேல் வைத்தால், இரும்பும் ஆயிலுமாகச் சேர்ந்து நூறு கிலோவை ஒட்டி வரும். முன்னால் லோடர் இருப்பவர்களுக்கு அது பின்பக்கப் பாரமாகவும் உதவும். செய்யும்போது வெல்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: உறிஞ்சும் வாயும் திரும்பும் வாயும் எதிரெதிர் முனையில், நடுவில் ஒரு தடுப்புத் தகடு. திரும்பும் குழாய் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும், இல்லையென்றால் நுரைக்கும். உறிஞ்சும் வாய் அடித்தரையில் இருந்து ஐந்து சென்டிமீட்டராவது மேலே. அடியில் காந்தம் வைத்த டிரெயின் பிளக். மேலே காற்று போய்வர, வடிகட்டியோடு கூடிய பிரீதர் மூடி. ஜிஐ தகடு வேண்டாம், துத்தநாகப் பூச்சு ஆயிலில் உள்ள சேர்மானங்களோடு வேதிவினை புரிந்து கசடாகும். வெல்டிங் முடிந்ததும் உள்ளே உள்ள கசடை உளி, பிரஷ் கொண்டு சுரண்டி, டீசல் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சு வேண்டாம், நார் உள்ளே தங்கும்.

குழாய்களின் அளவு இதே அளவு முக்கியம். பம்ப்புக்குள் போகும் குழாயில் ஆயில் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. 38 லிட்டருக்கு அது ஒன்றேகால் அங்குலக் குழாய். பம்ப் வாய் அதைவிடச் சிறியதாக இருக்கும், கடைசி இடத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாய் குட்டையாக இருக்கட்டும், உறிஞ்சும்போது சப்பிப்போகாத, உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸாக இருக்கட்டும். டேங்க் பம்ப்பைவிட உயரத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. அழுத்தக் குழாய்க்கு அரை அங்குலம் போதும். திரும்பும் குழாய்க்கு முக்கால் அங்குலம்.

திரும்பும் வடிகட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலிண்டர் உள்ளே வரும்போது ராட் பக்கம் 38 லிட்டர் போகிறது, ஆனால் மறுபக்கம் ராட் இல்லாததால் அங்கிருந்து 51 லிட்டர் வெளியே வரும். 40 லிட்டர் வடிகட்டி வாங்கினால் ஒவ்வொரு தடவையும் பைபாஸ் திறந்து அழுக்கு அப்படியே டேங்க்குக்குள் போகும். 10 மைக்ரான், குறைந்தது 60 லிட்டர் தாங்குவது என்று கேட்டு வாங்குங்கள்.

ஆயில் விஷயத்தில் சென்னைக்கு விஜி 68 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) சரி. சர்வோ சிஸ்டம் 68 போன்றவை எங்கும் கிடைக்கும். டிராக்டர் கியர்பாக்ஸ் ஆயிலை இதில் ஊற்ற அவசியமில்லை.

எங்கே வாங்குவது

ஹோஸ் அடிக்க அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் போங்கள். கிரிம்பிங் மெஷின் வைத்து, கேட்ட நீளத்துக்கு அங்கேயே அடித்துக் கொடுப்பார்கள். அழுத்தப் பக்கத்துக்கு இரண்டு கம்பி வலை கொண்ட ஆர்2 ஹோஸ் கேளுங்கள். அரை அங்குலத்தில் அது 275 பார் தாங்கும். ஒற்றை வலை ஆர்1 அதே அளவில் 160 பார்தான், நம் 175-க்கு ஆகாது. ஹோஸ் மேல் அச்சடித்த எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அழிந்திருந்தால் வாங்க வேண்டாம்.

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் நட்டு, போல்ட், ஃபிட்டிங், கேஜ் எல்லாம் வாங்கலாம். ஆனால் அங்கே ஒரு சபலம் உண்டு: தண்ணீர்க் குழாய் எல்போ பாதி விலைக்குத் தொங்கும், மரையும் ஏறும். அழுத்தப் பக்கத்தில் அதைப் போட்டால் குண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஹைட்ராலிக் ஃபிட்டிங் மட்டுமே. மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், பிய்ந்து வால்வுக்குள் போய் ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும். ஓ ரிங், பாண்டட் வாஷர் (ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷர்) போதும்.

மரையில் குழப்பம் வரும். நம் கடைகளில் அதிகம் புழங்குவது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு மரை. ஜப்பான் டிராக்டர்களில் அதே போல ஏறும் ஒரு மரை இருக்கும், ஆனால் உள்ளே உட்காரும் சரிவு வேறு. கையால் ஏறிவிடும், அழுத்தம் வந்ததும் கசியும். பழைய நிப்பிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுவதே வழி.

புதுப்பேட்டையில் கூலருக்கு ஃபேனும் பழைய ரிலேயும் வாங்கலாம், தப்பில்லை. பழைய பம்ப் வாங்காதீர்கள், வெளியே பார்த்து உள்தேய்மானம் தெரியாது. கார் ரேடியேட்டரை ஆயில் கூலராக மாட்டுவதும் வேண்டாம், திரும்பும் குழாயின் அழுத்தத் துடிப்பை அது தாங்காது.

பொருத்துவது

கியர்பாக்ஸ் பிடிஓ தண்டில் ஏறி உட்கார்ந்ததும், அதைத் தடுக்கும் கை ஒன்று வேண்டும். 13 கிலோவாட்டை 540 சுற்றில் எடுக்கும்போது 230 நியூட்டன் மீட்டர் முறுக்கு வருகிறது. பிடிக்காவிட்டால் பம்ப்பே ஹோஸ்களோடு சேர்ந்து சுற்றும். கியர்பாக்ஸில் இருந்து டிராக்டர் உடலில் உள்ள கெட்டியான ஒரு இடத்துக்குத் தடித்த சங்கிலியோ, இரும்புக் கையோ போடுங்கள். கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் பிடிஓ தண்டின் பேரிங் கெடும்.

பம்ப்பை விட்டு வெளியே வந்ததும் முதலில் வர வேண்டியது ரிலீஃப் வால்வு. க்விக் கப்ளிங் அதற்குப் பிறகுதான். கப்ளிங் சரியாக உட்காராமல் யாராவது பிடிஓவைப் போட்டால் ஆயிலுக்குப் போக வழியிருக்காது. ரிலீஃப் முன்னால் இருந்தால் தப்பிக்கும். பின்னால் இருந்தால் பம்ப் உடையும், அல்லது ஹோஸ். கேஜையும் இங்கேயே நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.

மோட்டாருக்குத் தனி கேஸ் டிரெயின் வாய் (உள்ளே கசியும் ஆயில் வெளியேறும் வாய்) இருந்தால், அந்தக் குழாயை வடிகட்டி, கூலர் எதன் வழியாகவும் கொண்டுபோகாமல் நேராக டேங்க்குக்குக் கொடுங்கள்.

கழற்றி மாட்டும் பம்ப் என்பதால் ஆர்சி புத்தகத்துக்கு வேலை வராது. வாரண்டி உள்ள வண்டி என்றால் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம்

ஆயிலை வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். சீல் உடைக்காத புது பேரலிலும் தூசி இருக்கும். பம்ப்பின் உறிஞ்சும் வாயைக் கழற்றி உள்ளே ஆயில் ஊற்றி நிரப்பி மாட்டுங்கள், காய்ந்த பம்ப்பைச் சுற்றக்கூடாது. ரிலீஃப் ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். லிவர் நடுவில். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது பிடிஓவைச் சேர்த்து, சில விநாடியில் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து, டேங்க்குக்கு ஆயில் திரும்புகிறதா என்று பாருங்கள்.

கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் வந்தால் பம்ப் ஆயிலுக்குத் தவிக்கிறது: உறிஞ்சும் குழாய் சிறியது, அடைப்பு, அல்லது மடங்கியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஆயில் மோர் மாதிரி நுரைத்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது, பெரும்பாலும் உறிஞ்சும் பக்க கிளாம்ப்.

சத்தம் சரியானதும் சிலிண்டரைச் சுமையில்லாமல் பல தடவை முழுதாக நீட்டிச் சுருக்கி காற்றை வெளியேற்றுங்கள். டேங்க் மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்புங்கள். பிறகு இன்ஜினை பிடிஓ வேகத்துக்கு ஏற்றி, சிலிண்டர் முனை தொட்ட நிலையில் லிவரைப் பிடித்து, கேஜைப் பார்த்தபடி ரிலீஃபைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான், முன்னே சொன்ன ஐந்து அடுப்புக் கணக்கை மறக்க வேண்டாம். 175 வந்ததும் லாக் நட்டைப் பூட்டிவிடுங்கள். சிலிண்டர், வால்வு இவற்றில் ஏதாவது அதைவிடக் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது என்றால் அந்த எண்ணில் நிறுத்துங்கள்.

கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டிப் பாருங்கள், நனையும் இடத்தில் கசிவு. அப்படியும் யாருக்காவது ஆயில் குத்திவிட்டால், வெளியே சின்னப் புள்ளிதான் இருக்கும், வலிகூட முதலில் இருக்காது. "ஒண்ணுமில்ல அண்ணே, மஞ்சள் வச்சிக்கிறேன்" என்று சொல்பவரை விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற துறை இருக்கிறது. அதிக அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கிறது என்பதை மருத்துவரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

பிடிஓ பக்கம் லுங்கி, துண்டு, துப்பட்டா எதுவும் வேண்டாம். காவல் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யும் பழக்கம் நம் ஊரில் அதிகம். மூடி இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பிறகு பார்க்க வேண்டியவை

முதல் 50 மணி நேரத்தில் வடிகட்டியை மாற்றுங்கள், புது டேங்க்கின் வெல்டிங் துகள்கள் அதற்குள் வந்திருக்கும். கழற்றிய வடிகட்டியை அறுத்துப் பாருங்கள். பித்தளை நிறப் பொடி மின்னினால் பம்ப் தேய்கிறது என்று பொருள்.

கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் சிலிண்டர்களை எப்போதும் உள்ளே இழுத்த நிலையில் நிறுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராடின் குரோமியப் பூச்சை உப்புக்காற்று புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தப் புள்ளிகள் சீலை அறுக்கும், சீல் போனால் ராடையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். க்விக் கப்ளிங்குகளுக்கு ரப்பர் மூடி போட மறக்காதீர்கள். மூடி தொலைந்தால் பிளாஸ்டிக் பை கட்டினாலும் சரி.

புயலுக்குப் பிறகுதான் இந்தக் கருவிகளுக்கு உண்மையான வேலை வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா அடித்துப் போட்ட மரங்களை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், மரம் பிளக்கும் கருவி வைத்திருந்தவர்களைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் அதே மழையில்தான் டேங்க்குக்குள் தண்ணீரும் போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பிரீதர் மூடிக்கு மேல் ஒரு குடைத் தகடு வையுங்கள். மழை நாட்களில் வண்டியை ஓரிரவு அசையாமல் விட்டு, காலையில் இன்ஜினைத் தொடுவதற்கு முன் டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் அது நிற்கும்வரை விட்டு, ஆயில் வந்ததும் இறுக்குங்கள். டேங்க் ஆயில் முழுவதுமே வெளுத்துப் பால் நிறத்தில் இருந்தால் வடித்துப் பயனில்லை. மொத்தத்தையும் மாற்றி, பழையதைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறைகளில் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.